அலங்காநல்லூர் வாடிவாசல்

மதுரைக்கு வடக்கே உள்ள அலங்காநல்லூரில், சல்லிக்கட்டுக் காளைகள் களத்துக்குள் அவிழ்த்துவிடப்படும் வாயிலே அலங்காநல்லூர் வாடிவாசல். தை முதல் நாள் அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்பது மதுரை வட்டாரத்து வரிசை. மூன்றிலும் புகழ்மிக்கது இந்தக் கடைசிக் களம்தான்.

முதலில் வருவது முனியாண்டி கோயில் காளை. அதை யாரும் தொடுவதில்லை. அதன் பிறகே டோக்கன் பெற்ற காளைகள் ஒவ்வொன்றாக இறங்கும். குறுகிய வாசலைத் தாண்டியதும் தேங்காய்நார் பரப்பிய களம். இரு பக்கமும் தடுப்புகள். அப்பால், தன் காளைக்காகக் கயிற்றோடு காத்திருக்கும் உரிமையாளர். இடையில் ஒருவர் மட்டும் திமிலைத் தழுவி, குறித்த தொலைவோ மூன்று துள்ளலோ தாக்குப்பிடித்தால் வெற்றி வீரருக்கு. கொம்பையும் வாலையும் பிடிக்கக் கூடாது. பிடிபடாத மாட்டுக்கும் பரிசு உண்டு. ஓடிவிடும் மாட்டைவிட, ஆளை நெருங்கவிடாமல் களத்திலேயே நின்று விளையாடும் மாட்டுக்குத்தான் ஊரில் மதிப்பு அதிகம். அப்படியொரு காளையை வளர்த்த வீட்டின் பெயர் பல ஊர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்பெயினில் செவில்லி, ரோண்டா நகரங்களின் 18ஆம் நூற்றாண்டுக் காளைப்போர் அரங்குகளோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. அங்கே அரங்கில் காளை வாளுக்கு இரையாகிறது. இங்கே ஆயுதம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் காளை வீடு திரும்புகிறது. இந்த வேறுபாட்டை மறந்து எழுதப்படும் எந்த ஒப்பீடும் பிழையானது. ஆயினும் ஆபத்து மெய்யானது: வீரர்களும் பார்வையாளர்களும் குத்துப்பட்டு இறந்திருக்கிறார்கள்.

கலித்தொகையின் முல்லைக்கலி, ஏறுதழுவுதல் எனப்படும் இவ்வகை ஆட்டத்தை விரிவாகப் பாடுகிறது. சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவல் இந்த ஆட்டத்தின் வன்மத்தையும் அழகையும் நவீன இலக்கியத்துக்குக் கொண்டுவந்தது.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 சனவரியில் அலங்காநல்லூரில் போராடியவர்கள் கைதானதும், சென்னை மெரினாவில் மாணவர்கள் திரண்டனர். போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. ஆட்டத்தை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்த மறுநாள், அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அலங்காநல்லூரில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க இருந்தார்; நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று ஊரார் மறுத்துவிட்டனர். சனவரி 23 அன்று சட்டமன்றம் சட்டம் இயற்றியது. பிப்ரவரி 10 அன்று வாடிவாசல் திறந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை உறுதிசெய்தது.

2024 சனவரி 24 அன்று அருகிலுள்ள கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. பார்வையாளர்களுக்கு அது வசதியானது. மாடங்களோடு கூடிய பெரிய கட்டடம். ஆனால் கோயில் காளை முதலில் இறங்கும் பொங்கல் சல்லிக்கட்டு ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலிலேயே தொடர்கிறது.