திடீர் உணவுக்குறைப்பு
சில நாள்களிலோ வாரங்களிலோ எடையைச் சட்டென இறக்க, உணவைக் கடுமையாக வெட்டும் முறை. பேச்சுவழக்கில் கிராஷ் டயட். நாளுக்கு 800 கலோரியோ அதற்கும் குறைவாகவோ உண்பதை மருத்துவர்கள் மிகக்குறை கலோரி உணவு என வகைப்படுத்துவர்.

முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பங்கு கொழுப்பல்ல, நீர். கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் கிளைகோஜன், கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது தீரும்போது நீரும் வெளியேறும், பழையபடி சோறு உண்டதும் இரண்டும் திரும்பும். கல்யாணத்துக்கு முன் அவசரமாக இளைப்போர் இறக்குவது பெரும்பாலும் இதைத்தான். தசை இழப்பு, பித்தப்பைக் கல், மலச்சிக்கல், முடி உதிர்வு ஆகியவை அறியப்பட்ட தீங்குகள். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், தரங்குறைந்த கொலாஜன் புரதத் திரவத்தை மட்டுமே குடித்து இளைத்தவர்களில் பலர் இதயத்துடிப்புக் கோளாறால் இறந்தனர்.

ஆயினும் முறையை முற்றாக ஒதுக்க முடியாது. பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில் (2017), மருத்துவக் கண்காணிப்பின்கீழ் நாளுக்குச் சுமார் 850 கலோரிச் சத்துக்கலவையை 3 முதல் 5 மாதம் வரை உண்ணும் திட்டத்தில் சேர்ந்த இரண்டாம் வகை நீரிழிவாளரில் 46 விழுக்காட்டினர், ஓராண்டு முடிவில் மருந்தின்றி நோய்த்தணிவு பெற்றிருந்தனர். இன்சுலின் போடுவோர் அதில் சேர்க்கப்படவில்லை.