ஒரு வாசல், பல செயலிகள்

மிடில்வேர் என்ற சொல் இணையத்தைவிட வயதானது. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மென்பொருள் பொறியியல் மாநாட்டின் அறிக்கையிலேயே அது இருக்கிறது. அலெக்சாண்டர் தாகபெயெஃப் என்பவர் அங்கே ஒரு தலைகீழ் பிரமிடை வரைந்து காட்டினார். கணினி தயாரிப்பாளர் கொடுக்கும் பொது மென்பொருள் கீழே, மக்களுக்கு வேண்டிய செயலிகள் மேலே. இரண்டும் நேராக ஒட்டாது, அதனால் நடுவில் ஓர் அடுக்கு.

பிற்பாடு அந்தச் சொல்லை விற்பனைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் இங்கே உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது மிடில்வேர் என்றாலே பெரிய பெரிய பெட்டிகளும் அம்புக்குறிகளும்தான். வேலைக்கு வந்த பிறகுதான் அது பத்து வரி நிரலாகவும் இருக்கலாம் என்று தெரிந்தது. அந்தப் பத்து வரிக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

1993இல் இணையப் பக்கம் என்பது பெரும்பாலும் வட்டில் கிடக்கும் ஒரு கோப்பு. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய சர்வர், கோப்பை எடுத்துக் கொடுப்பதோடு நிற்காமல், ஒரு நிரலை ஓடவிட்டு அதன் விடையையும் அனுப்பியது. சர்வரும் நிரலும் பேசிக்கொள்ள வைத்த ஏற்பாடுதான் சிஜிஐ. சர்வர் சில பெயர்களில் தகவலை நிரப்பி வைக்கும், நிரல் அதைப் படித்துக்கொள்ளும். அவ்வளவே.

அந்தப் பெயர்களில் இரண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்று ஸ்கிரிப்ட் நேம், மற்றொன்று பாத் இன்ஃபோ. முகவரியில் நிரலைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரையான பகுதி முதலாவது, அதற்கப்புறம் மிச்சம் இருப்பது இரண்டாவது. ‘நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய்’ என்பதையும் ‘உன்னிடம் என்ன கேட்கிறார்கள்’ என்பதையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அது சின்ன வசதி மாதிரிதான் தெரிந்திருக்கும்.

சிஜிஐயின் குறை வேகம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒரு ப்ராசஸ் பிறந்து சாக வேண்டும். 1996இல் வந்த மோட் பெர்ல், பெர்ல் மொழியை அப்பாச்சி சர்வருக்குள்ளேயே குடியேற்றியது. வேகம் வந்தது, ஆனால் நிரல் அந்த ஒரு சர்வரோடு ஒட்டிக்கொண்டது. மற்றவர்களும் இப்படியே ஆளுக்கொரு வழி போனார்கள். ஜாவாக்காரர்கள் மட்டும் செர்வ்லெட் என்ற பொது ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிம்மதியாக இருந்தார்கள்.

பைத்தான் பக்கம்தான் கூத்து. ஸோப், குவிக்ஸாட், வெப்வேர், ட்விஸ்டட் வெப் என்று ஏகப்பட்ட கட்டமைப்புகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு ஏற்ற சர்வரையும் சேர்த்தே கட்டிக்கொள்ள வேண்டும். 2003 டிசம்பரில் பிலிப் ஜே. ஈபி ‘பெப் 333’ என்ற ஆவணத்தை முன்வைத்தார். இன்னொரு கட்டமைப்பைக் கட்டி ‘எல்லாரும் இதற்கு வாங்க’ என்று அவர் கூப்பிடவில்லை. செயலி என்பது அழைக்கக்கூடிய ஒரு பொருள், அதற்கு இரண்டு விஷயங்கள் கொடுப்போம்: தகவல் நிரம்பிய ஓர் அகராதி, பதிலைத் தொடங்க ஒரு ஃபங்ஷன். இதில் மட்டும் ஒத்துப்போவோம், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்றார். அந்த அகராதிக்குள் இருந்த பெயர்கள் பெரும்பாலும் சிஜிஐயின் அதே பழைய பெயர்கள்.

இதிலிருந்து ஒன்று தானாக விளைகிறது. சர்வரைப் பார்த்துச் செயலி போலவும், செயலியைப் பார்த்துச் சர்வர் போலவும் நடந்துகொள்ளும் ஒரு துண்டை நடுவில் செருகலாம். இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. முகவரியைப் பார்த்துக் கோரிக்கையை வெவ்வேறு செயலிகளுக்குப் பிரித்து அனுப்பலாம் என்பதையும், ஒரே ப்ராசஸில் பல செயலிகளை அருகருகே ஓட்டலாம் என்பதையும் அந்த ஆவணமே சொல்லிவிடுகிறது.

எங்கள் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பத்துக்கு ஒரு ஃபிளாஸ்க் செயலி, செலவுக் கிளெய்முக்கு ஒரு ஜாங்கோ, சரக்குக் கணக்குக்கு யாரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டுப் போன ஒன்று. மூன்றுக்கும் மூன்று லாகின். ஒரே சர்வரில் சேர்த்தபோது நாங்கள் பயன்படுத்தியது வெர்க்ஸாய்க் நூலகத்தில் இருக்கும் சின்ன டிஸ்பாட்சர். ‘/விடுப்பு/படிவம்’ என்று கோரிக்கை வந்தால், ‘/விடுப்பு’ என்பதை வெட்டி ஸ்கிரிப்ட் நேமோடு சேர்க்கிறது, ‘/படிவம்’ மட்டும் பாத் இன்ஃபோவில் மிஞ்சுகிறது. விடுப்புச் செயலியைப் பொறுத்தவரை தான் தனி வீட்டில் இருப்பதாகவே நினைப்பு. சரக்குச் செயலி மட்டும் அடம்பிடித்தது. எழுதியவர் எல்லா இணைப்புகளையும் வெறும் சாய்கோட்டில் தொடங்கியிருந்தார். ஸ்கிரிப்ட் நேம் என்று ஒன்று இருப்பதையே மதிக்காத நிரலை எந்த வாசலில் வைத்தாலும் அது தெருவுக்குத்தான் போகும். (நல்லவேளையாக ஜாங்கோ ஒன்றுதான் இருந்தது. அதன் அமைப்புகள் ஒரு ப்ராசஸுக்கு ஒன்றுதான் என்பதால் இரண்டாவது ஜாங்கோவை இப்படிச் சேர்த்திருக்க முடியாது.)

லாகினை மூன்றுக்கும் வெளியே ஒரே மிடில்வேராக வைத்தோம். வந்தவர் யார் என்பதை அது ரிமோட் யூசர் என்ற பெயரில் எழுதி வைக்கும். இதுவும் சிஜிஐ காலத்துப் பெயர்தான். பார்வையாளர் அனுப்பும் தலைப்புகளுக்கெல்லாம் முன்னால் ‘ஹெச்டிடிபி’ என்று ஒட்டு சேரும், சர்வர் தானே சொல்வதற்குச் சேராது. அதனால் ‘நான்தான் மேனேஜர்’ என்று வெளியிலிருந்து யாரும் தலைப்பு அனுப்பி ஏமாற்ற முடியாது. இந்த ஒட்டே ஒருமுறை வினையானதும் உண்டு. ‘ப்ராக்ஸி’ என்று தலைப்பு அனுப்பினால் அது ‘ஹெச்டிடிபி ப்ராக்ஸி’ ஆகிறது. பல நிரல்கள் வெளியே செல்லும் வழியைத் தேடுவது அதே பெயரில்! 2016இல் ‘ஹெச்டிடிபாக்ஸி’ என்ற பெயரில் இந்த ஓட்டை பெரிய செய்தியானது.

2007இல் ரூபி மொழியில் லியா நொய்கிர்ஷன் செய்த ரேக் இதே யோசனையை இன்னும் சுத்தமாக்கியது. அகராதியைக் கொடு, நிலை எண், தலைப்புகள், உடல் என மூன்றைத் திருப்பு. 2009இல் ரெயில்ஸே அதன்மேல் ஏறிக்கொண்டது. 2010இல் நோட் உலகத்துக்கு கனெக்ட் வந்தது. மொழிகள் வேறு, எண்ணம் ஒன்றே.

நம் ஊர்க் கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை எனக்கு இதில் ஞாபகம் வரும். 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்திலிருந்து தொடங்கும் வழக்கம் அது. உள்ளே யார் என்ன வியாபாரம் செய்தாலும் முன்னால் கூரையுள்ள நடைபாதையைத் திறந்து விட வேண்டும்.

ஆனால் கடைகளுக்கு நடுவே சுவர் உண்டு. இங்கே சுவர் மெலிசு. மிடில்வேரின் வரிசை மாறினாலே ஆபத்து: பக்கங்களைச் சேமித்து வைக்கும் துண்டு லாகினுக்கு வெளியே இருந்தால், ஒருவருடைய பக்கம் அடுத்தவருக்குப் போகலாம். பிரவுசரின் கண்ணுக்கோ ஒரே பெயர் என்றால் ஒரே ஆள்தான். ‘/விடுப்பு’ வேறு, ‘/கிளெய்ம்’ வேறு என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. குக்கியில் பாதையைக் குறிப்பிடலாம், ஆனால் அதைப் பாதுகாப்பாக நம்பக்கூடாது என்று 2011இல் வந்த குக்கி நெறிமுறையே எச்சரிக்கிறது. பழைய சரக்குச் செயலியில் யாராவது ஒரு ஸ்கிரிப்டை நுழைத்துவிட்டால், பக்கத்துச் செயலியிலும் அது உங்கள் பெயரில் நடமாடும்.

சம்பளச் செயலியையும் இதிலேயே சேர்த்துவிடலாமே என்று மேலிடத்தில் கேட்டார்கள். டிஸ்பாட்சரில் ஒரே ஒரு வரி சேர்க்கும் வேலைதான் அது. நாங்கள் அதைத் தனி டொமைன் பெயரில், தனி ப்ராசஸில் வைத்தோம். அதற்கு மட்டும் இன்னும் தனி லாகின்தான்.