காணாமல் போன வண்டியும் பழையனூர் வாக்கும்



என் சொந்த ஊர் திருவாலங்காடு. நடராஜரின் இரத்தின சபை இருக்கும் ஊர். அதை ஒட்டிய பழையனூரின் கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நீலிக்குப் பயந்து வந்த வணிகனிடம், "உன் உயிருக்கு ஒன்று நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று 70 வேளாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். வணிகன் இறந்தான், 70 பேரும் தீயில் இறங்கினார்கள். சம்பந்தர் பதிகத்திலும் இதன் குறிப்பு உண்டு. இழந்தவனுக்கு யார் பொறுப்பு என்பதுதான் அந்தக் கதையின் கேள்வி.

கார் திருட்டைப் பற்றி எழுதச் சொன்னபோது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. காரணம், என் வங்கி நாட்கள். 1990களில் எங்களிடம் கடன் வாங்கி கார் எடுத்த ஒருவரின் வண்டி திருடுபோனது. "நாலு நாள் தேடிப் பாருங்க" என்று புகாரைத் தள்ளிப்போட்டார்கள். அந்தத் தாமதத்தையே காட்டி இன்சூரன்ஸ் பணமும் வரவில்லை. வண்டி இல்லாவிட்டாலும் தவணை நிற்காதே! அந்த நோட்டீஸை டைப் அடித்தவன் நான்தான். இரண்டு வருஷம் கழித்து வண்டி கிடைத்தது. காவல் நிலைய வளாகத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உள்ளே செடி முளைச்சிருக்கு சார்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவில் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை வைத்தது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குபவருக்கு 411ஆம் பிரிவு. கைப்பற்றிய பொருளை வழக்கு முடியும் முன்பே உரிமையாளரிடம் ஒப்படைக்க, 1973ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தில் 451ஆம் பிரிவும் இருந்தது. ஆனாலும் "வழக்குச் சொத்து" என்ற பெயரில் வண்டிகள் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்தன.

மாற்றம் நீதிமன்றங்கள் வழியாக வந்தது. 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. காவல் நிலையத்தில் வைத்திருந்த பொருட்களைப் போலீசாரே மாற்றிவிட்டதாக குஜராத்தில் எழுந்த வழக்கு அது. போட்டோ எடுத்து, விவரம் எழுதி, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு பொருளை ஒப்படைக்க வேண்டும். 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் நிலையத்தில் வைக்கக் கூடாது என்றது தீர்ப்பு. 2013இல் லலிதா குமாரி வழக்கில், கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்றார்கள். கார் திருட்டு அப்படிப்பட்ட குற்றமே.

இன்சூரன்ஸ் விஷயத்தில் 2020 ஜனவரியில் வந்த குர்ஷிந்தர் சிங் தீர்ப்பு முக்கியமானது. அவருடைய டிராக்டர் திருடுபோன அன்றே எஃப்.ஐ.ஆர். பதிவானது, கம்பெனிக்குச் சொன்னது 52 நாள் கழித்து. போலீசில் உடனே புகார் கொடுத்திருக்கும்போது, கம்பெனிக்குச் சொல்லத் தாமதம் என்ற ஒரே காரணத்தால் உண்மையான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். எங்கள் வாடிக்கையாளருக்கு இந்தத் தீர்ப்புகள் எல்லாம் தாமதமாக வந்தவை.

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு, பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் வாகனத்தைத் திருடினால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது. கோயில் சிலைத் திருட்டும் இதே பிரிவில்தான்! எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். மின்னஞ்சல் போன்ற வழிகளிலும் புகார் தரலாம். 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும்.

ஆகவே உங்கள் வண்டி காணாமல் போனால், அதே நாளில் புகார், அதே நாளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல். கடன் இருந்தால் வங்கிக்கும் சொல்லுங்கள். இரண்டு சாவிகளையும் பத்திரமாக வையுங்கள், கம்பெனி கேட்கும். ஆர்.சி., பாலிசி நகல்களை வண்டிக்குள் வைக்காமல் வீட்டிலும் ஒரு படி வையுங்கள். வண்டி கிடைக்காவிட்டால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்று வாங்க மறக்காதீர்கள்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். கேமரா பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். புகார் வந்த அன்றே அதைத் தனியாக எடுத்து வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குவோம். காவல் நிலையத்துக்குத் துணையாக ஒருவர் கூடப் போகட்டும். பழையனூர்க்காரர்கள் போல நாம் தீயில் இறங்க வேண்டாம். ஸ்டேஷன் வாசல் வரை இறங்கி வந்தால் போதும்.