ஒரே வெள்ளை கோட், ஆனா வேற வேற வரிசை! அமெரிக்க டாக்டர்களுக்குள் என்ன ஏற்றத்தாழ்வு?

அமெரிக்காவில் வேலை செய்யும் டாக்டர்களில் சுமார் நான்கில் ஒருவர் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர். அவர்களில் இந்தியாவில் படித்தவர்கள்தான் அதிகம். ஆனா, பெரிய மருத்துவமனையில் பயிற்சி இடம்னு வரும்போது இவர்கள் வரிசையில் பின்னால்தான் நிற்கிறார்கள். ஏன் இப்படி? இதை ஆராய்ந்தவர் சமூகவியலாளர் டானியா ஜென்கின்ஸ். அவரது 'டாக்டர்ஸ் ஆர்டர்ஸ்' புத்தகம் 2020-ல் வெளியானது.

யார் யார் இந்த வரிசையில்?

* அமெரிக்கக் கல்லூரிகளில் எம்.டி. படித்தவர்கள். நம்ம ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி, அங்கே அடிப்படை மருத்துவப் பட்டமே எம்.டி.தான்.
* அமெரிக்காவிலேயே ஆஸ்டியோபதி கல்லூரியில் டி.ஓ. பட்டம் பெற்றவர்கள்.
* வெளிநாட்டில் படித்தவர்கள். கரீபியன் தீவுகளில் படித்துவிட்டு ஊர் திரும்பும் அமெரிக்கர்களும் இதில் அடக்கம்.

பொதுவாக, 'ரெசிடென்சி' என்ற மருத்துவமனைப் பயிற்சி பெற்றால்தான் முழு லைசென்ஸ். அது கிடைத்துவிட்டால் சட்டப்படி மூன்று தரப்பும் சமம்.

ஆய்வில் தெரிந்தது என்ன?

ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை, ஒரு சமுதாய மருத்துவமனை. இரண்டிலும் பொது மருத்துவத் துறைப் பயிற்சி டாக்டர்களை ஜென்கின்ஸ் நேரில் கவனித்தார், பேட்டி எடுத்தார். முதல் இடத்தில் பெரும்பாலும் அமெரிக்க எம்.டி.க்கள். இரண்டாவது இடத்தில் மற்ற இரு தரப்பினர். இப்படிப் பிரிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. நடைமுறையே பிரித்துவிடுகிறது.

முதல் தரப்புக்கு வழிகாட்டும் பேராசிரியர்கள், ஆராய்ச்சி வாய்ப்பு, சிபாரிசுக் கடிதம் எல்லாம் படிக்கும்போதே கிடைக்கிறது. மற்றவர்கள் இதையெல்லாம் சொந்தச் செலவில், சொந்த முயற்சியில் தேட வேண்டும். கடைசியில் 'தகுதி' பார்க்கும்போது, யாருக்கு எவ்வளவு உதவி கிடைத்தது என்பது கணக்கில் வருவதில்லை என்கிறார் ஜென்கின்ஸ். இன்னொரு விஷயம், பின்தங்கியவர்களில் பலர் இதை நியாயம் என்றே ஏற்றுக்கொள்கிறார்கள்.

எண்கள் சொல்வது என்ன?

ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் முறைக்கு 'மேட்ச்' என்று பெயர். 2024-ல் அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்த, அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களில் 60 சதவீதம் பேருக்குக்கூட கிடைக்கவில்லை.

அப்போ திறமை குறைவா?

2017-ல் 'பி.எம்.ஜே.' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மெடிகேர் காப்பீட்டில் மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களில் எத்தனை பேர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள் என்று அது பார்த்தது. அமெரிக்காவில் படித்த டாக்டர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 11.6 சதவீதம். வெளிநாட்டில் படித்தவர்களிடம் 11.2 சதவீதம். வித்தியாசம் சின்னதுதான். ஆனா, வெளிநாட்டுப் படிப்பு என்றாலே தரம் குறைவு என்ற பேச்சுக்கு இதில் ஆதாரம் இல்லை.

நோயாளிகளுக்கு இதில் என்ன?

ஜே-1 விசாவில் பயிற்சி முடிப்பவர்கள் 2 ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. 'கான்ராட் 30' திட்டத்தில் விலக்கு கிடைத்தால், டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் 3 ஆண்டு வேலை பார்க்க வேண்டும். ஆக, பயிற்சி வரிசையில் கடைசியில் நின்றவர்களை நம்பித்தான் அங்கே பல கிராமப்புற, ஏழை நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல பயிற்சி கிடைப்பது அந்த நோயாளிகளின் பிரச்சினையும்தான்.