பாதி பதின்மூன்று நூறு பிக்குகள்

மகத மன்னன் அஜாதசத்து ஒரு பௌர்ணமி இரவில் புத்தரைக் காணப் போகிறான். புத்தர் தங்கியிருப்பது ராஜகிருகத்தில், வைத்தியர் ஜீவகரின் மாந்தோப்பில். தோப்பை நெருங்க நெருங்க மன்னனுக்கு உடல் நடுங்குகிறது. இத்தனை பிக்குகள் இருக்கும் இடத்தில் ஒரு தும்மல் இல்லை, இருமல் இல்லை. என்னை எதிரியிடம் காட்டிக் கொடுக்கப் போகிறாயா என்று ஜீவகரையே கேட்டு விடுகிறான். தந்தையைக் கொன்று அரியணை ஏறியவனுக்கு அந்த அச்சம் வராமல் இருக்குமா?

அன்று அங்கே இருந்த பிக்குகள் 1,250 பேர். ஆனால், இந்தக் கதையைச் சொல்லும் பாலி நூலான சாமஞ்ஞபல சுத்தம் அந்த எண்ணை நாம் சொல்வதுபோல் சொல்லவில்லை. 'அட்டதேளஸ' பிக்கு நூறுகள் என்கிறது. தேளஸ என்றால் பதின்மூன்று. அட்ட என்றால் பாதி. பதின்மூன்றில் பாதி ஆறரை, ஆகவே 650 பேர் என்று கணக்குப் போட்டால் தவறாகிவிடும். பன்னிரண்டு நூறு நிறைந்து, பதின்மூன்றாவது நூறு பாதியில் நிற்கிறது என்பதே இதன் பொருள்.

இங்கே தமிழருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாலியில் எட்டுக்கும் தமிழ் எழுத்தில் 'அட்ட' என்றுதான் எழுத வேண்டும். உச்சரிப்பு வேறு, வேரும் வேறு. அர்த்தநாரீஸ்வரரில் வரும் 'அர்த்த' பாதி. அஷ்டமியில் வரும் 'அஷ்ட' எட்டு. பாலியில் இரண்டும் தேய்ந்து பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

தமிழில் பன்னிரண்டரை என்கிறோம். முடிந்ததைச் சொல்லி, மிச்சத்தைச் சேர்க்கிறோம். பாலியோ நடந்துகொண்டிருக்கும் எண்ணைச் சொல்லி, அது பாதி என்கிறது. மலாய் பேசுவோருக்கு இது புதிதாக இருக்காது. இந்தோனேசியாவில் 'செத்தெங்ஙா தீகா' என்றால் மணி இரண்டரை, மூன்றரை அல்ல. (மலாய் 'டுவா'வும் பாலி 'த்வே'யும் ஒன்றுதான் என்று சிலர் சொல்வதுண்டு. அது தற்செயலான ஒலி ஒற்றுமைதான்; இரண்டும் வெவ்வேறு மொழிக் குடும்பங்களில் பிறந்தவை.)

பாலி எண்களின் இலக்கணமும் சுவையானது. மூன்று என்பதற்கு ஆண்பாலில் தயோ, பெண்பாலில் திஸ்ஸோ, இரண்டும் அல்லாததற்குத் தீணி. ஐந்து முதல் பதினெட்டு வரை இந்தப் பால் வேறுபாடு மறைகிறது. பத்தொன்பது வந்ததும் எண் பெண்பால் பெயர்ச்சொல்லாகி, ஒருமையில் நிற்கிறது. அந்தப் பத்தொன்பதையும் 'ஏகூனவீஸதி' என்பார்கள். ஒன்று குறைந்த இருபது! நூறு என்னும் 'சத' அஃறிணைப் பெயர் போன்றது. எண்ணப்படும் பொருள் அதன் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்: பிக்கு நூறு, அரஹந்த நூறு.

இந்த 'ஒன்று குறைந்த' வழக்கில் ஒரு மனிதரின் கதை இருக்கிறது. புத்தர் மறைந்தபின் அவர் போதனைகளைத் தொகுக்க ராஜகிருகத்தில் முதல் சங்கம் கூடியது. அதற்கு மகாகஸ்ஸபர் தேர்ந்தெடுத்தவர்களை விநய நூல் 'ஒன்று குறைந்த ஐந்து அரஹந்த நூறு' என்கிறது, அதாவது 499 பேர். குறைந்த அந்த ஒன்று ஆனந்தர். ஆண்டுக்கணக்கில் புத்தரின் கூடவே இருந்து, அவர் பேசியதையெல்லாம் காதால் கேட்டவர்; ஆனால் இன்னும் முழு ஞானம் அடையாதவர். அவர் இல்லாமல் எப்படித் தொகுப்பது? அவரையும் சேர்க்கும்படி பிக்குகள் வேண்ட, மகாகஸ்ஸபர் சேர்த்துக்கொண்டார். சங்கம் கூடுவதற்கு முந்தைய இரவு முழுவதும் ஆனந்தர் தியானத்தில் இருந்தார். விடியும் வேளையில் சற்றுப் படுக்கலாம் என்று சாய்ந்தபோது, தலை தலையணையைத் தொடுவதற்குள் ஞானம் பெற்றார் என்கிறது நூல். ஐநூறு நிறைந்தது.

பொருளை நூறோடு ஒட்டும் இதே வழக்கம், பாலிக்கு நெருங்கிய உறவான அசோகர் காலத்துப் பிராகிருதத்திலும் உண்டு. அங்கே இது ஒரு வரலாற்றுச் சிக்கலையே தீர்த்து வைத்தது. அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டுகளில் 256 என்ற எண் காணப்படுகிறது. எதை எண்ணியது? 1877-இல் அவற்றை வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் கியோர்க் பியூலர், புத்தர் மறைந்து 256 ஆண்டுகள் என்று பொருள் கொண்டார். அது சரியென்றால் புத்தரின் காலத்தைக் கல்லிலிருந்தே கணக்கிட்டு விடலாம். ஆய்வாளர்களுக்கு அது பெரிய புதையலாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

பீகாரில் உள்ள சசாராம் கல்வெட்டில் மட்டும் அந்த எண் சொல்லாலும் எழுதப்பட்டிருக்கிறது. அதில் வரும் 'லாதி' என்ற சொல்லை 1910-இல் எஃப். டபிள்யூ. தாமஸ் சரியாகப் பிரித்துக் காட்டினார். கிழக்கு வழக்கில் ரகரம் லகரமாகும். ராஜா லாஜா ஆவதுபோல ராத்திரி லாதியாகிறது. பிக்கு நூறு போல இது இரவு நூறு. இரண்டு இரவு நூறும் ஐம்பத்தாறும். மன்னர் பயணத்தில் கழித்த 256 இரவுகள் அவை.