ஒரே மேஜையில் நாலு பேர்

ஆங்கிலத்தில் 'பிரஞ்ச்' என்று ஒரு சொல் இருக்கிறது. பிரேக்ஃபாஸ்டின் தலையையும் லஞ்சின் வாலையும் வெட்டி ஒட்டிச் செய்த சொல் அது. 1895-ஆம் ஆண்டில் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் 'ஹண்டர்ஸ் வீக்லி' என்னும் பத்திரிகையில் இதற்காக ஒரு கட்டுரையே எழுதி வாதாடினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்விட்டு வந்து பெருந்தீனியில் அகப்பட்டுக்கொள்வானேன்? சற்றுத் தாமதமாக எழுந்து, நடுப்பகல் வாக்கில் சிநேகிதர்களோடு உட்கார்ந்து லேசாகச் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், வாரமெல்லாம் பட்ட கவலை தீர்ந்துவிடாதா? சனிக்கிழமை இரவு கேளிக்கையில் கண் விழித்தவர்களுக்கும் இதுவே மருந்து என்பது அவருடைய கட்சி.

நம்மவர்களுக்கு இது பெரிய புதுமையாகப் படாது. நம் ஊர்க் குமாஸ்தாக்கள் காலை ஒன்பதரை மணிக்கே குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடிய காலம் ஒன்று உண்டு. டிபன் பிற்பகலில்தான். நேரத்தை மட்டும் பார்த்தால் அதுவும் பிரஞ்ச்தான். ஆனால் பெரிங்கர் சொன்னதில் சாப்பாடு பாதி, சிநேகிதர்கள் பாதி. நம் குமாஸ்தாவோ சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறு யாரையும் துணைக்கு வைத்துக்கொண்டு சாப்பிட்டதில்லை!

இன்று ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஹோட்டல் வாசலில் கூட்டம் நிற்கிறது. நாலு சிநேகிதர்கள் ஒரு மேஜையைப் பிடித்து, பொங்கலில் தொடங்கி, தோசையில் தங்கி, இரண்டாவது காப்பிக்குப் பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் அரட்டை அடிக்கிறார்கள். இந்தக் காட்சிக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: ஓர் ஓய்வு நாள், ஒரு ஹோட்டல், எல்லாரும் உட்காரக்கூடிய ஒரு மேஜை. மூன்றில் எதுவும் சும்மா வந்துவிடவில்லை.

முதலில் ஓய்வு நாள். துரைமார்களின் கச்சேரிகளுக்கு ஞாயிறு விடுமுறை இருந்த காலத்திலும் பம்பாய் மில் தொழிலாளிகளுக்கு அது கிடையாது. ஜோதிராவ் புலேயின் சகாவான நாராயண் மேகாஜி லோகண்டே 1884-இல் தொழிலாளிகளைக் கூட்டி அந்தக் கோரிக்கையை எழுப்பினார். மில் முதலாளிகள் இசைந்தது 1890-இல். ஆறு வருஷம் போராடிப் பெற்ற விடுமுறை அது. அதில் தூங்கி எழுந்து டிபனுக்குப் புறப்படும் நமக்கு லோகண்டேயின் பெயர்கூடத் தெரிவதில்லை.

அடுத்தது ஹோட்டல். யாத்திரை போனால் சத்திரம், உள்ளூரில் இருந்தால் வீடு என்று வாழ்ந்தவர்கள் நம் முன்னோர்கள். காசு கொடுத்து வெளியில் சாப்பிடுவது கௌரவக் குறைச்சல். அந்தக் கூச்சத்தைக் கரைத்தது காப்பி. காப்பி கிளப்புகள் கிளம்பின. உடுப்பிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஹோட்டல் சமையற்கட்டில் எடுபிடி வேலை பார்த்து முன்னுக்கு வந்த கே. கிருஷ்ண ராவ், 1938-இல் ராயப்பேட்டையில் 'உட்லண்ட்ஸ்' ஹோட்டலைத் தொடங்கினார். அதே பெயரில் 1962-இல் கதீட்ரல் சாலையில் மரங்களுக்கு நடுவே திறக்கப்பட்ட 'டிரைவ்-இன்' ஹோட்டலைச் சென்னைவாசிகள் மறக்கமாட்டார்கள். காரில் வந்தவர்களுக்குக் காருக்கே தட்டு வரும். என்னைப் போல் பஸ்ஸில் வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்து ஒரு காப்பியை ஒரு மணி நேரம் குடிப்போம். யாரும் எழுந்திரு என்று சொன்னதில்லை. 2008-இல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் 2010 முதல் செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

மூன்றாவது, மேஜை. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக வந்தது.

அந்தக் காலத்துக் காப்பி கிளப்புகள் பலவற்றில் 'பிராமணாள்' என்ற சொல் போர்டிலேயே எழுதியிருக்கும். உள்ளே அவர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். ஆதி திராவிடர்களுக்குப் பெரும்பாலும் எந்த இடமும் இல்லை. நான் கதை எழுதுகிறவன். இதை ஒரு கதைக் காட்சியாகவே நினைத்துப் பார்க்கிறேன். ஒரே வகுப்பில் படிக்கும் மூன்று சிநேகிதர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு கடைத்தெருவில் வருகிறார்கள். ஹோட்டல் வாசல் வந்ததும் ஒருவன் உள்கட்டுக்குப் போகிறான். இன்னொருவன் வெளிக்கூடத்தில் உட்காருகிறான். மூன்றாமவன் "எனக்குப் பசி இல்லை" என்று சொல்லித் தெருவிலேயே நின்றுவிடுகிறான். அவன் சொன்ன பொய்யை மற்ற இருவரும் நம்புவதுபோல் நடிக்கிறார்கள். அதற்குப் பிறகு அது என்ன சிநேகிதம்?

ரயில் நிலையச் சாப்பாட்டுச் சாலைகளில் இருந்த தனிப் பந்தி, சுயமரியாதைக்காரர்களின் நெடுநாள் கிளர்ச்சிக்குப் பின் 1941-இல் ஒழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, ஜாதியைக் காட்டி எவரையும் ஹோட்டலுக்குள் வராமல் தடுக்கக்கூடாது என்றது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கமாக, ஹோட்டலில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் குற்றம் என்றது. ஒரு டம்ளருக்காகப் பார்லிமெண்டு கூடிச் சட்டம் செய்ய வேண்டியிருந்த தேசம் நம்முடையது! அதற்குப் பிறகும் போர்டுகள் சில இருந்தன. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து நாள்தோறும் கைதானார்கள். 1958-இல்தான் அந்தப் போர்டிலிருந்து 'பிராமணாள்' மறைந்தது.

"ஒரு சொல்லுக்காகவா இத்தனை அமர்க்களம்?" என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு அது வெறும் சொல். தெருவில் நின்று பசியில்லை என்று சொன்னவனுக்கு அது பூட்டிய கதவு.

பட்டணத்துக் கதை இது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைக்கும் வழக்கம், சட்டம் வந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் ஓயவில்லை. அங்கே போர்டும் கிடையாது, பிடுங்கி எறிய. ஆகவே வாசகர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களோடு ஹோட்டலுக்குப் போகும்போது மேஜையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். வரவேண்டியவர்களில் யாராவது "எனக்குப் பசி இல்லை" என்று சொல்லி நின்றுவிட்டார்களா என்று விசாரித்த பிறகு, காப்பிக்குச் சொல்லுங்கள்.