யூத இல்லமும் ஓய்வுநாளும்

எபிரேய மொழியில் வாரநாள்களுக்குத் தனிப்பெயர்கள் இல்லை. ஞாயிறு முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள் என அவை எண்ணப்படும். ஏழாம் நாள் மாத்திரமே ‘சபாத்’ என்னும் பெயர் பெறும். ஓய்தல் என்னும் பொருள்தரும் வினையோடு தொடர்புடைய சொல் அது. யூத இல்லத்தின் வாரம் முழுவதும் அந்த ஒரு நாளை நோக்கியே ஒழுங்குபெறுவதை இவ்வழக்குப் புலப்படுத்தும்.

ஏழாம் நாளில் வீட்டுத் தலைவனும், அவன் மகனும் மகளும், அடிமைகளும், கால்நடைகளும், உடனுறையும் அந்நியனும் வேலையின்றி ஓய்ந்திருத்தல் வேண்டும் என்பது தோரா விதிக்கும் கட்டளை. கி.பி. 70 இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். பலிபீடமும் குருமாரின் வழிபாடும் மறைந்தபின், சமயத்தைப் பேணும் பொறுப்பின் பெரும்பகுதி தொழுகைக்கூடத்தையும் இல்லத்தையும் சார்ந்தது. உணவு மேசை பலிபீடத்தின் இடத்தைப் பெற்றதாக யூத அறிஞர் கருதினர். கி.பி. 200 அளவில் யூதா என்னும் தலைவர் தொகுத்த மிஷ்னா, ஓய்வுநாளில் விலக்கத்தக்க வேலைகள் 39 என வரையறுத்தது. உழுதல், விதைத்தல், மாப்பிசைதல், நெய்தல், எழுதுதல், தீ மூட்டல், தீயணைத்தல் ஆகியன அவற்றுட் சில.

தீ மூட்டலாகாது என்னும் விதியே அடுக்களையின் போக்கைப் பெரிதும் நிர்ணயித்தது. யூதரின் நாள் மாலையிலே தொடங்குவது. எனவே மறுநாள் முழுவதற்குமான உணவு வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் ஆயத்தமாதல் வேண்டும். இஸ்ரேலிலே சமயவொழுக்கம் பேணும் குடும்பங்கள் பலவற்றில் வியாழனன்றே சந்தை அலுவல் தொடங்கும். வெள்ளி காலை வீடு கழுவப்படும், ஆடைகள் அழுத்தப்படும், பின்னிய பாண் இரண்டு சுடப்படும். பாலைவனத்தில் ஆறாம் நாளன்று மன்னா இருமடங்காகக் கிடைத்தமையை அவ்விரண்டும் நினைவூட்டுவன. பிசைந்த மாவிற் சிறு பகுதி, முன்னாளிற் குருமாருக்குரியதாயிருந்த பங்கின் நினைவாக, எடுத்து எரிக்கப்படும்.

மறுநாள் நண்பகலிற் சூடான உணவு வேண்டுமாயின் யாது செய்வது? பானையைச் சூடு தணியாதவாறு மூடிவைக்கும் முறைகளை மிஷ்னாவே ஆராய்கின்றது. அவ்வாராய்ச்சியின் பயனை இன்றும் உணவுக் கலத்திற் காணலாம். கிழக்கைரோப்பிய யூதர் இறைச்சி, அவரை விதை, வாற்கோதுமை, கிழங்கு ஆகியவற்றை இரவெல்லாம் மெல்லிய சூட்டில் வேகவைத்துச் ‘சோலன்ட்’ ஆக்குவர். மொரோக்கோ யூதர் அதுபோன்றதொன்றைத் ‘தஃபீனா’ என்பர். யேமன் யூதர் மாச்சுருள்களை இரவு முழுவதும் வாட்டி ‘ஜக்னூன்’ ஆக்குவர். 1948 இல் இஸ்ரேல் அரசு தோன்றியபின் பல நாடுகளிலிருந்தும் குடியேறியோர் இவற்றை அயலயல் வீடுகளிற் சமைக்கலாயினர். விதி ஒன்று, அது தந்த உணவுகள் பல. இன்று விறகடுப்பின் இடத்தை, முன்கூட்டியே இயக்கிவைக்கப்படும் மின்தட்டுப் பெற்றுள்ளது.

பொழுதுசாயும் வேளை எருசலேமிற் சங்கு ஒலிக்கும். சூரியன் மறைவதற்கு 40 நிமிடங்களுக்கு முன் விளக்கேற்றுதல் அந்நகர மரபு. ஏனைய பல இடங்களில் 18 நிமிடங்கள். ஏற்றுபவள் இல்லத்தலைவி. இவ்விளக்கும் ஒரு விவாதத்தின் சின்னமாகும். ஓய்வுநாளில் வீட்டிலே தீ எரிதலே ஆகாது எனக் கொண்ட இடைக்காலக் கராயியப் பிரிவினர் இருளில் இருந்தனர். முன்னரே ஏற்றிய விளக்கு எரியலாம் என்பது ராபிமாரின் முடிபு. விளக்கேற்றியபின் பிள்ளைகளுக்கு ஆசி, திராட்சை இரசம், பாண், பாட்டு என இரவு செல்லும்.

வீட்டுக்குள் நின்ற விதி, அரசு அமைந்தபோது வீதிக்கு வந்தது. 1947 யூனில் யூத முகவரகத்தின் சார்பிற் பென்கூரியன் முதலியோர் விடுத்த கடிதம், சபாத்தே வருங்கால அரசின் ஓய்வுநாளாகும் எனச் சமயவாதிகளுக்கு உறுதியளித்தது. 1951 ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளருக்கு வாரந்தோறும் 36 மணிநேரத்துக்குக் குறையாத ஓய்வை விதித்தது. யூதரல்லாதார் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிய இடமளித்தது. எனினும் பூசல் ஓயவில்லை. 1976 டிசெம்பரில் அமெரிக்கப் போர்விமானங்களை வரவேற்ற வைபவம் ஓய்வுநாளை மீறியதாக எழுந்த கண்டனம், ராபின் அரசாங்கத்தின் பதவி விலகலுக்கு வழிகோலியது. மறுபுறம், விதிகளைப் பேணாத பல குடும்பங்களிலும் வெள்ளி இரவு விருந்து நிலைத்துள்ளது.

கட்டளையின் பட்டியலில் ஒன்று நோக்கத்தக்கது. மகள், அடிமை, கால்நடை எனச் சுட்டும் அக்கட்டளை மனைவியைத் தனித்துச் சுட்டவில்லை. தலைவனை விளித்த விளியில் அவளும் அடங்குவாள் என விளக்கங் கூறுவர். ஆயினும் வெள்ளிக்கிழமையின் வேலை பெரும்பாலும் அவள்மேலேயே விழுந்தது. ஆலயம் அழிந்தபின்னும் ஏழாம் நாள் அழியாது நின்றமைக்குக் காரணம் தேடுவோர், சட்ட நூல்களோடு அவளது உழைப்பையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.